கவுண்டர் கெட்ட காலை நீட்டிய நாள்

அன்றைக்குக் கவுண்டர் முதலிலேயே கெட்ட காலை நீட்டினார். ஏதோ சரியில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இது புரியாது. கெட்ட காலுக்குத்தானே கட்டுப் போடப் போனீர்கள், அதை நீட்டினால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். அதனால் கவுண்டர் எப்படிப்பட்டவர் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பேரை மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் கைத்தடியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருவார். அந்தக் கைத்தடியும் இந்தக் கதையில் பின்னால் வரும்.

1. பட்டா போட்ட கால்

நான் பத்தாவது வரை படித்தவள். அதற்கு மேல் ஒரு வருஷம் நர்சிங் உதவியாளர் பயிற்சி. கொல்லிமலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு, மலை மேல் இருக்கும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் வேலை. வார்டு, ஓ.பி., பிரசவ அறை எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் வீட்டு விசிட்டுக்கு வந்தேன். ஜீப் போகிற வரைக்கும் ஜீப், அதற்கு மேல் நடை. காலையில் விளக்கேற்றி, திருநீறு வைத்துக்கொண்டு டிரெசிங் பையைத் தூக்கினால், எந்த ஊரில் யார் வீட்டு நாய் கடிக்கும் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும்.

கவுண்டர் கொல்லிமலையில் குண்டூர் நாடு என்கிற பகுதியில் ஒரு சின்ன ஊருக்கு ஊர்க் கவுண்டர், அதாவது தலைவர். எழுபது தாண்டியவர். சுகர் உண்டு. மிளகு பறிக்க ஏணியில் ஏறியவர் இறங்கும்போது சறுக்கி, இடது முழங்காலுக்குக் கீழே சிராய்த்துக்கொண்டார். சுகர்க்காரர்களுக்குச் சிராய்ப்பு என்றால் சின்ன விஷயம் இல்லை. சீழ் வைத்து, கால் சிவந்து, பளபளவென்று வீங்கிவிட்டது. செல்லுலைட்டிஸ் என்றார் டாக்டரம்மா. அட்மிட் ஆகச் சொன்னதற்கு, "ஊர்ல நோம்பி சாட்டியிருக்குதுங்க, நானில்லாம ஒண்ணும் நடக்காது" என்று ஊர்த் திருவிழாவைக் காரணம் காட்டிக் கவுண்டர் எழுந்து வந்துவிட்டார். அதனால் பத்து நாளைக்கு ஆன்டிபயாடிக் கேப்சூல், சுகர் மாத்திரை, திங்கள் புதன் வெள்ளி நான் போய் டிரெசிங் என்று ஏற்பாடு.

முதல் நாள் நான் கையைக் கழுவி, கையுறை போட்டுத் திரும்பினால், ஒரு கால் நீண்டிருந்தது. குனிந்து தேடினேன். புண்ணைக் காணோம். திருப்பிப் பார்த்தேன். அந்தப் பக்கமும் காணோம்.

"பாத்தியா அம்மிணி, நீ கையைக் கழுவறதுக்குள்ள ஆறிப்போச்சு. கைராசிக்காரி" என்றார் கவுண்டர். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. அது வலது கால்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் இதே கதைதான். நல்ல காலை நீட்டுவார், நான் ஏமாந்தது போல ஒரு நிமிஷம் தேட வேண்டும், அப்புறம்தான் கெட்ட கால் வெளியே வரும். ஒருநாள் நான் விடவில்லை. அந்த நல்ல காலுக்கே மருந்து வைத்து, பஞ்சு வைத்து, முழுசாகக் கட்டிவிட்டுப் பையை மூடினேன். "வாரேனுங்க" என்று வாசல் வரைக்கும் போய்விட்டேன். கவுண்டர் கூப்பிடவில்லை. நானும் திரும்பவில்லை. கடைசியில் அவருடைய வீட்டுக்காரம்மா பாவாயி அக்காதான், "ரெண்டு பேருக்கும் எத்தனை வயசாச்சு" என்று கேட்டு என்னைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

இப்படிப்பட்ட புண்ணைப் பார்க்கும்போது, சிவப்பு எது வரைக்கும் இருக்கிறதோ அதைச் சுற்றிப் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டு வைப்போம். சிவப்பு கோட்டுக்குள் சுருங்கினால் மருந்து கேட்கிறது. கோட்டைத் தாண்டினால் ஆபத்து. நான் கோடு போட்டபோது கவுண்டர், "என்ற காலுக்குப் பட்டா போடறியா? அளந்து போடு, ஒரு சென்ட்டும் குறையக் கூடாது" என்றார்.

2. என் வாய்

இந்தப் பகுதியை எழுத எனக்கு வெட்கம்தான். ஆனாலும் இதற்காகத்தான் மற்றதெல்லாம் எழுதுகிறேன்.

ஒரு திங்கட்கிழமை. கட்டுப் போட்டு முடித்து, மதியக் கேப்சூலை எடுத்து நானே கொடுத்தேன். கவுண்டர் அதை விரலில் உருட்டிக்கொண்டே, இது ஏன் இப்படி வழவழவென்று இருக்கிறது என்று கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கத்தான் என்று சொல்லியிருக்கலாம். பயிற்சி வகுப்பில் படித்தது ஞாபகம் வந்துவிட்டது. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது.

"அது ஜெலட்டின் கூடுங்கய்யா. எலும்பு, தோலு எல்லாம் கொதிக்க வெச்சு அதுல செய்யறது."

"என்ன எலும்பு?"

"மாடோ, பன்னியோ. நமக்கென்னங்க தெரியும்."

கவுண்டர் 'ஓ' என்றார். அன்றைக்குக் கேப்சூலை விழுங்கியும் விட்டார். எனக்கு ஒரு பெரிய மனிதருக்குப் பாடம் எடுத்த பெருமை. மறுநாள் செவ்வாய்க்கிழமை அந்த ஊரில் மாரியாயி நோம்பிக்குக் காப்புக் கட்டு என்பது எனக்குத் தெரியும். காப்புக் கட்டியவர் எட்டு நாள் கறி தொடக் கூடாது என்பதும் தெரியும். நானே எங்கள் ஊர் நோம்பிக்கு வருஷம் தவறாமல் விரதம் இருப்பவள். இருந்தும் கேப்சூலும் விரதமும் என் தலைக்குள் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

புதன்கிழமை போனபோது கவுண்டர் மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு கோத்த காப்புக் கயிறு. "எட்டு நாளைக்கு நான் சாமி. பாத்துத் தொடு" என்றார். நல்ல காலை நீட்டினார். சிவப்பு என் கோட்டுக்குள்தான் இருந்தது. கேப்சூல் அட்டையை வாங்கி எண்ணினேன். எத்தனை குறைந்திருக்க வேண்டுமோ அத்தனையும் குறைந்திருந்தது. சரியாகச் சாப்பிடுகிறார் என்று நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன்.

3. அம்மனும் அரளிப் பூவும்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை இருக்கும். வாசலிலேயே பாவாயி அக்கா சந்தோஷமாக எதிரே வந்தார்.

"நேத்துச் சாயங்காலத்திலிருந்து ஒரு வார்த்தை திட்டலீங்க அம்மிணி. கஞ்சி குடுத்தா வாங்கிக்கிறாரு, வேண்டாம்னா சும்மா தலையாட்டறாரு. நாப்பத்தஞ்சு வருசத்துல இப்படி இருந்ததில்லை. காப்புக் கட்டினதும் மாரியாயி மனசை மாத்திட்டா."

உள்ளே போனேன். கையைக் கழுவித் திரும்பினால் கெட்ட கால் நீண்டிருந்தது. நான் கட்டை அவிழ்க்கிறேன், கவுண்டர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறார். "அய்யா, நான் யாருங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "டீச்சருதான. பள்ளிக்கூடம் உட்டாச்சா?" என்றார். கிண்டல் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. மரியாதையாகத்தான் கேட்டார்.

காய்ச்சல் பார்த்தேன். இல்லை. தொண்ணூற்றேழுதான். "பாத்தீங்களா, காச்சலும் உட்டுருச்சு" என்றார் பாவாயி அக்கா. ஆனால் கை சில்லென்று இருந்தது. கடிகாரத்தை வைத்து மூச்சை எண்ணினேன். நிமிஷத்துக்கு இருபத்தெட்டு. நாடி நூற்றிருபது. எப்போதும் நூற்று நாற்பது இருக்கிற பி.பி. எண்பத்தாறுக்கு இறங்கியிருந்தது. முந்தின சாயங்காலத்துக்குப் பிறகு ஒண்ணுக்குப் போகவில்லை. காலைப் பார்த்தால், சிவப்பு என் கோட்டைத் தாண்டி நாலு விரற்கடை மேலே ஏறி முழங்காலைப் பிடித்திருந்தது.

பலா மரத்துப் பாறை மேல் ஏறினால்தான் அங்கே சிக்னல். ஏறி டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன். எண்களைச் சொல்லி முடிப்பதற்குள் அவர், செப்சிஸ் என்றார். கிருமி ரத்தத்தில் இறங்கிவிட்டது. இங்கே வைத்துப் பார்க்க முடியாது, ஆம்புலன்ஸை ரோட்டுக்கு அனுப்புகிறேன், நேராகக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும், ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு என்றார். கேப்சூல் ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று கேட்டார். சாப்பிட்டார், அட்டையை எண்ணினேன் என்றேன்.

திரும்பி வந்து சொன்னேன். எல்லாருடைய கண்ணும் கவுண்டர் மணிக்கட்டில் இருந்தது. காப்புக் கட்டியவர் நோம்பி முடிகிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அடுத்த செவ்வாய்க்கிழமைதான் முடிவு. அதிலும் இவர் ஊர்க் கவுண்டர். இவர் தாண்டினால் ஊருக்கே ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை.

இதைக் கேட்டு நான் சிரிக்க மாட்டேன். காப்புக் கயிற்றோடு விளையாடுகிற தைரியம் எனக்கு இல்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை வரைக்கும் கவுண்டர் இருக்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். அன்று மத்தியானமே சந்தேகம்.

பூசாரி வந்தார். அவர் பாவாயி அக்காவின் கூடப்பிறந்த தம்பி. கவுண்டரும் அவரும் பார்க்கும் இடத்தில் எல்லாம் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே இருப்பார்கள். மாமனைக் குனிந்து பார்த்தவர், "என்னைப் பாத்து ஒண்ணும் சொல்லலையே" என்று பாதியில் நிறுத்தினார். அப்போதுதான் அவருக்கும் பயம் வந்தது. ஆனாலும் எல்லை எல்லைதான் என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக் கட்டில் பக்கத்தில் உட்கார வைத்து, பேனாக் கோட்டைக் காட்டினேன்.

"இது நான் போட்ட எல்லைங்க. புதன்கெழமை வரைக்கும் உள்ளதான் இருந்துச்சு. இன்னிக்கு அது தாண்டிருச்சு. நம்ம எல்லைய அது மதிக்கலீங்க."

பூசாரி கோட்டையும் சிவப்பையும் மாறி மாறிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். பிறகு, காப்பு ஊரை விட்டுப் போகக் கூடாது என்பதுதான் கட்டுப்பாடு, ஆள் போகலாமா என்று யாரும் மாரியாயியிடம் கேட்டதில்லை என்றார். மூலையில் கவுண்டரின் கைத்தடி சாய்ந்திருந்தது. பன்னிரண்டு வருஷமாக அவர் கையை விட்டு இறங்காத தடி. காப்பை அவிழ்த்துத் தரையில் படாமல் அந்தத் தடியில் கட்டிக் கோயிலில் நிறுத்தினால், கவுண்டர் ஊரிலேயே இருக்கிற மாதிரி ஆகுமா என்று பூக் கேட்போம் என்றார்.

கோயில் பத்தடிதான். அம்மன் தோளில் ஓர் அரளிப் பூவை வைத்தார்கள். வலது பக்கம் விழுந்தால் சம்மதம். கற்பூரம் காட்டினார்கள். நான் வெளியே நின்று கும்பிட்டுக்கொண்டே கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பூ அசையவில்லை. ஐந்து நிமிஷம். ஏழு நிமிஷம். அம்மன் நன்றாக யோசிக்கிறாள் என்று தெரிந்தது. எனக்கோ ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.

பாவாயி அக்கா தம்பி கையிலிருந்து கற்பூரத் தட்டை வாங்கினார். அம்மனை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"ஆயா, இவரைத் திட்டறதுக்குன்னு எனக்குக் குடுத்தே. இன்னும் பாதி பாக்கி இருக்குது."

சொல்லிவிட்டுத் தட்டைப் பீடத்தில் வைத்தார். கொஞ்சம் வேகமாகத்தான் வைத்தார். பூ வலது பக்கம் விழுந்தது. வேகத்தில் விழுந்ததா, வாக்கில் விழுந்ததா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் இன்று வரைக்கும் கேட்கவில்லை. மீதித் திட்டை வாங்க வைப்பதற்காகவாவது அம்மன் அவரைக் காப்பாற்றுவாள் என்பது என் நம்பிக்கை.

காப்பு தடிக்கு மாறியது. அதன் தலையில் கவுண்டரின் துண்டைத் தலைப்பாகையாகச் சுற்றி, கோயில் முன்னே நோம்பிக்காக நட்டிருந்த கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார் பூசாரி. தள்ளி நின்று பார்த்தால், கவுண்டர் கொஞ்சம் இளைத்த மாதிரி இருந்தது.

போர்வையில் தூளி கட்டி நாலு பேர் தூக்கினார்கள். எல்லைக் கல் கிட்டே போனதும் நாலு பேரும் தானாக நின்றுவிட்டார்கள். முன்னால் இருந்தவன் திரும்பிக் கோயிலைப் பார்த்தான். தூளிக்குள் மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

பாவாயி அக்கா பின்னாலிருந்து வந்தார். "நடங்கப்பா. கவுண்டரு அங்க நிக்கிறாரு. இது என்ற ஊட்டுக்காரரு" என்றார்.

நடந்தார்கள்.

4. விரதம் இல்லாத கோழி

ரோட்டில் ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. ஆக்சிஜன் வைத்து, ட்ரிப் ஏற்றிக்கொண்டே இறங்கினோம். எழுபது வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் ட்ரிப் பாட்டில் ஒரு பக்கம் சாயும், நான் ஒரு பக்கம் சாய்வேன். முப்பதாவது வளைவு போல இருக்கும், பாவாயி அக்கா என் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"அம்மிணி, ஒண்ணு சொல்லோணும். அவரு அந்தக் கேப்சூலை முழுங்கலீங்க. செவ்வாக்கெழமையிலிருந்து செவலைக் கோழிக்குப் போட்டுட்டாரு."

எனக்கு வளைவு இல்லாமலேயே தலை சுற்றியது. ஏன் என்று கேட்டேன். காப்புக் கட்டிக்கொண்டு மாட்டு எலும்பைத் தின்ன முடியுமா, அந்த நர்சம்மாவே சொன்னாளே என்றாராம். அந்தம்மா வந்து எண்ணிப் பார்க்கும், வேளை தவறக் கூடாது என்று நேரம் பார்த்து, அட்டையிலிருந்து பிதுக்கிப் பிதுக்கிக் கோழிக்குப் போட்டாராம். கோழிக்கு மட்டும் பாவமில்லையா என்று அக்கா கேட்டதற்கு, "விரதம் எனக்குத்தான். கோழியா காப்புக் கட்டியிருக்குது?" என்றாராம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று காப்பு மேல் சத்தியம் வாங்கியிருக்கிறார். காப்பு இப்போது தடியில் இருப்பதால் சொல்லலாம் என்று அக்கா முடிவு செய்திருக்கிறார்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். மருந்து கேட்காமல் போகவில்லை டாக்டர், மருந்து உள்ளேயே போகவில்லை, காரணம் நான்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கீழே இருக்கிற டாக்டருக்கு அது தெரிய வேண்டிய விஷயம். வெட்கப்பட்டு மறைத்தால் அவர் வேறு கணக்குப் போடுவார். டாக்டரம்மா முழுசாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "ஏன்க்கா, கூடு இல்லாத சாதா மாத்திரையும் இருக்குதே. கேட்டிருந்தா எழுதிக் குடுத்திருப்பேனே" என்றார். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

கீழே ஐ.சி.யூ.வில் சேர்த்துவிட்டு நான் சாயங்கால பஸ்ஸில் மலை ஏறினேன். சனிக்கிழமை முழுவதும் தகவல் இல்லை. ஞாயிறு காலை நான் பூஜை செய்துகொண்டிருக்கும்போது பாவாயி அக்காவிடமிருந்து போன். குரல் தழுதழுத்தது. நான் மணியைக் கீழே வைத்தேன்.

"அம்மிணி, அவரு இப்பத்தான் ஒரு நர்சைத் திட்டுனாரு. பால் ஆறிப்போச்சுன்னு. நல்லாத் திட்டுனாருங்க."

நான் இன்னொரு விளக்கையும் ஏற்றினேன்.

நோம்பி குறையில்லாமல் நடந்தது. முதல் திருநீறு, முதல் தேங்காய் மூடி, பரிவட்டம் எல்லாம் தடிக்குத்தான் நடந்ததாம். கவுண்டர் நிற்கிற வருஷம் வருகிற எந்தச் சண்டையும் இந்த வருஷம் வரவில்லை, தடி எல்லாரையும் பேச விட்டது என்று பூசாரி போனில் சொல்ல, கவுண்டர் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தே மச்சானை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அதைக் கேட்டுத்தான் டாக்டர் ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு மாற்றினார் என்று பூசாரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தச் செவலைக் கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊரில் மற்ற கோழிக்கெல்லாம் சளி பிடித்தபோதும் அது மட்டும் தெம்பாகத்தான் திரிந்தது.

புதுப் பிள்ளைகளே, இதிலிருந்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். வயதானவர்களுக்குக் கிருமி முற்றும்போது காய்ச்சல் வந்துதான் ஆக வேண்டும் என்று இல்லை. திட்டுகிறவர் திட்டாமல் இருந்தால், சும்மா இருப்பவர் திட்டினால், மூச்சை எண்ணுங்கள், கையைத் தொட்டுப் பாருங்கள், பி.பி. பாருங்கள். அதற்கு அவர் நல்லா இருக்கும்போது எப்படி இருப்பார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அட்டையை எண்ணாதீர்கள், வாயைப் பாருங்கள். அந்த வீட்டில் என்ன விரதம் என்று கேளுங்கள். முக்கியமாக, தெரிந்ததை எல்லாம் சொல்லிவிடாதீர்கள். சொல்லிவிட்டால் கூடவே நின்று, அதற்கு என்ன வழி என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள். மூன்று நாள் ஒரு கோழி மருந்து சாப்பிட்டது என் வாயால்தான். அதை நான் சாமி முன்னே சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். கவுண்டரிடமும் கேட்டேன். "கோழிகிட்டக் கேளு. முட்டை போடறதை நிறுத்திருச்சு" என்றார்.

அது அவர் ஊருக்குத் திரும்பிய பிறகு நான் போன முதல் திங்கட்கிழமை. ஆள் பாதியாகியிருந்தார். கூடு இல்லாத வெள்ளை மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இது என்னத்தில் செய்தது என்று கேட்டார். டாக்டரம்மாவுக்குத்தான் தெரியுங்க என்றேன். அவர் விழுங்கி, வாயைத் திறந்து காட்டுகிற வரைக்கும் நகரவில்லை.

பிறகு கையைக் கழுவி, கையுறை போட்டுத் திரும்பினேன். நல்ல காலும் இல்லை, கெட்ட காலும் இல்லை. கைத்தடி நீண்டிருந்தது. காப்பை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டிருந்தார்கள், ஆனால் நோம்பியில் பூசிய திருநீற்றுப் பட்டையும் குங்குமமும் அழியாமல் இருந்தன.

"முதல்ல ஊர்க் கவுண்டருக்குக் கட்டுப் போடு அம்மிணி. அஞ்சு நாளா நின்ன காலு."

நான் பஞ்சு வைத்து, துணி சுற்றி, தடிக்கு ஒழுங்காகக் கட்டுப் போட்டேன். பேனாவால் ஒரு கோடும் போட்டேன். பாவாயி அக்கா கதவோரம் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

"இப்ப உங்க காலைக் காட்டுங்க" என்றேன்.

கவுண்டர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. மெதுவாக வலது காலை நீட்டினார்.